குணலட்சுமி கண்ட கிடங்கு

மைதானத்துக்கு மதில் எழுப்பியபோது குணலட்சுமியின் வளவுப் பக்கம் கக்கூசு வந்தது. உதயகலாவின் வளவுப் பக்கம் சின்னப் படலை வந்தது. இரண்டு வளவுகளுக்கும் இடையில் ஒரு வேலிதான். இரண்டும் ஒரே மதிலில்தான் போய் முட்டுகின்றன. ஏன் ஒருத்திக்கு வாசலும் மற்றவளுக்கு மூத்திர நாற்றமும் என்று கேட்டால், பிரதேச சபையில் "வரைபடம் அப்பிடி" என்பார்கள். வரைபடம் வானத்திலிருந்து விழுந்ததல்ல. எவனோ ஒருவன் மின்விசிறிக்குக் கீழே இருந்துகொண்டு பென்சிலால் கீறியது. அவன் வீடு எந்த மைதானத்துக்கும் பக்கத்தில் இல்லை.

வலிகாமத்துச் சிறு பட்டினம் ஒன்றின் மைதானம் அது. பார்வையாளர் மண்டபம் வெளிநாட்டுக் காசில் எழுந்தது. படிக்குப் படி கனடா, நோர்வே, சுவிஸ் என்று பெயர் வெட்டிய பளிங்குக் கற்கள். ஊரார் அதைக் காட்டிப் பெருமைப்படுவார்கள். மதிலோரத்துச் சனத்தைக் கேட்டால் வேறு கதை வரும். மாசி, பங்குனியில் பாடசாலை விளையாட்டுப் போட்டிகள். ஒவ்வொரு பாடசாலைக்கும் மூன்று நாள் ஒலிபெருக்கி. உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டி வந்தால் ஒழுங்கை முழுக்க மோட்டார் சைக்கிள். தன் வீட்டுப் படலையைத் திறப்பதற்கு வீட்டுக்காரி யாரோ ஒரு மோட்டார் சைக்கிள்காரனைத் தேடிப் பிடிக்கவேண்டும். பந்து விழுந்து கூரை ஓடு உடையும். உடைத்தவன் மதிலுக்கு மேலால் தலையை நீட்டி, "அன்ரி, பந்து" என்பான். ஓடு பற்றி ஒரு வார்த்தை இராது.

குணலட்சுமிக்கு இவை எல்லாவற்றிலும் பெரிய பகை தூசி. அவளுடைய தொழில் கறித்தூள். கணவன் சண்முகநாதன் மரக்கறி லொறி ஓட்டுகிறவன். கொடிகாமத்திலிருந்து திரும்பும்போது செத்தல் மிளகாய்ச் சாக்கும் ஏற்றிக்கொண்டு வருவான். மிளகாயையும் மல்லியையும் கழுவி, காயவைத்து, வறுத்து, ஆலையில் திரித்து, பையில் அடைத்துப் பட்டினத்துக் கடைகளுக்குக் கொடுப்பாள். முற்றத்தில் காயப்போட்டால் மைதானத்துச் செம்மண் மல்லியில் படியும். கறியில் பல்லுக்கடியில் நறுநறுவென்று தட்டுப்படும். அதனால் குசினிக்கு மேலே இருந்த கொங்கிறீற் தட்டுக்கு ஏணி வைத்து ஏறி அங்கே காயவைக்கத் தொடங்கினாள். அங்கே தூசி குறைவு. ஆனால் அங்கே நின்றால் மைதானம் முழுவதும் தெரியும். மைதானம் தெரிந்தால் சாருஜா தெரிவாள்.

சாருஜா உதயகலாவின் மகள். பத்தொன்பது வயது. நானூறு மீற்றர் ஓடுகிறவள். விடியற்காலை ஐந்து மணிக்கு வீட்டின் பின்பக்கப் படலையைத் தள்ளித் திறந்தால் மைதானம். பஸ்ஸும் இல்லை, சைக்கிளும் இல்லை, கூட்டிப்போக ஆளும் தேவையில்லை. முகம் கழுவின ஈரம் காய முன்னம் முதல் சுற்றை ஓடி முடித்துவிடுவாள். மாகாண மட்டத்தில் இரண்டு பதக்கம். தேசியத் தெரிவு நெருங்கிக்கொண்டிருந்தது.

குணலட்சுமியின் மகள் பிரசாந்திக்கும் அதே வயது. பட்டினத்து மருந்துக்கடை ஒன்றில் வேலைக்கு நிற்கிறாள். பன்னிரண்டு வயதுவரை இருவரும் ஒரே வகுப்பு, ஒரே விளையாட்டு இல்லம். ஓட்டத்தில் பிரசாந்தி முதல், சாருஜா இரண்டாவது. உதயகலாவே வேலிக்கு மேலால் சொல்லியிருக்கிறாள்: "உங்கடை பெட்டை காத்து மாதிரி, குணமக்கா. என்ரை பின்னாலை இழுபடுறாள்."

பிறகு பிரசாந்தி பெரியபிள்ளையானாள். மண்டபம் எடுத்து, வீடியோக்காரனைப் பிடித்து, முந்நூறு பேருக்குச் சாப்பாடு போட்டுச் சடங்கு செய்தார்கள். அடுத்த மாதமே ஓட்டம் நின்றது. பிள்ளையின் உடம்பில் இயற்கையாக நடந்த ஒன்றை ஊருக்கெல்லாம் அழைப்பிதழ் அடித்துச் சொன்ன அதே தாய், அந்த உடம்பு அரைக்காற்சட்டையோடு ஓடினால் ஊர் பார்க்கும் என்று வெட்கப்பட்டாள். இந்த முரண்பாடு எங்கள் ஊர்களில் எவருக்கும் உறைப்பதில்லை. பிரசாந்தி மூன்று நாள் அழுதாள். நாலாம் நாள் பாடசாலைக்குச் சப்பாத்தைக் கொண்டுபோய் இன்னொரு பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு வந்தாள். குணலட்சுமி அதைப் பிள்ளையின் நல்ல குணம் என்று எடுத்துக்கொண்டாள்.

உதயகலாவின் மகளும் அதே வருடம் பெரியபிள்ளையானாள். உதயகலா சடங்கும் செய்தாள். பதினாறாம் நாள் பிள்ளையை மறுபடியும் மைதானத்துக்கும் விட்டாள். அப்போது கடை வாசலில் நின்று முதலில் வாய் திறந்தவள் குணலட்சுமிதான். "குமர்ப்பிள்ளையைத் தொடை தெரிய ஓடவிட்டு உவள் என்னத்தைக் காணப்போறாளாம்?"

ஏழு வருடத்தில் கண்டாள். ஊரே கண்டது. குணலட்சுமி காதாலும் கேட்கவேண்டியிருந்தது. மைதானத்துக்குப் பக்கத்தில் குடியிருப்பதில் இப்படி ஒரு வதை இருக்கிறது. வேறு ஊரில் பக்கத்து வீட்டுப் பிள்ளை வென்றால் பத்திரிகையைத் திறக்காமல் விட்டுவிடலாம். இங்கே குசினிக்குள் நின்று மல்லி வறுத்துக்கொண்டிருக்கையில், "சாருஜா கனகலிங்கம், புதிய சாதனை!" என்று ஒலிபெருக்கி காதுக்குள் வந்து கத்தும். கைதட்டல் ஓட்டுக்கு மேல் மழை போல இறங்கும். யன்னலைச் சாத்தினால் மணம் போகாது. திறந்தால் பெயர் வரும். ஒருநாள் அப்படி நின்றதில் ஒரு தாச்சி மல்லி கருகிப்போனது. "ஒலிபெருக்கிக்காரனைக் கொல்லவேணும்" என்று திட்டினாள். திட்டவேண்டியவர்கள் வேறு ஆட்கள் என்பது அவளுக்கு உள்ளுக்குள் தெரியும். உதயகலாவின் சிரிப்பு, புதிதாகக் கொடியில் காய்ந்த ஓட்டச் சப்பாத்து, அந்த வீட்டு வாசலில் நின்ற விளையாட்டு அதிகாரியின் வாகனம் என்று ஒவ்வொன்றாக அவளுக்குக் கண்ணில் குத்தியது. எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு நினைப்பு கிடந்தது: இது என்ரை பிள்ளைக்கு வரவேண்டியது.

வைகாசியில் வெளிநாட்டிலிருந்து வந்த பாடகர் ஒருவரின் இசை நிகழ்ச்சிக்குச் சபை மைதானத்தைக் கொடுத்தது. மேடையின் இரும்புச் சட்டங்களை இழுத்துக் கட்டுவதற்கு ஓடுபாதைக்குள்ளேயே இரும்பு முளைகளை இறக்கினார்கள். புல்லில் சுண்ணாம்புக் கோடு போட்ட ஓடுபாதை. நிகழ்ச்சி முடிந்து இரண்டாம் நாள் வேலையாட்கள் முளைகளைப் பிடுங்கி லொறியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். முளை இருந்த குழிகளை, அந்தக் கிடங்குகளை, அவர்கள் ஏற்றவில்லை.

மைதானத்தைப் பார்த்துக்கொள்ளும் செபநாயகம் பதினொரு வருடமாகத் தற்காலிக ஊழியர். பதினொரு வருடம் தற்காலிகமாக இருப்பது எப்படி என்பதைச் சபையிடம்தான் கேட்கவேண்டும். அவர் இருந்த மண்ணை அள்ளி ஒவ்வொரு கிடங்காக மூடிக்கொண்டு வந்தார். கடைசிக் கிடங்குக்கு மண் இல்லை. அது இரண்டாவது வளைவில், உள்கோட்டோரம் இருந்தது. வாய் ஒரு தேங்காய் அளவு. ஆழம் முழங்கால் மட்டும். அவர் சபைக்குத் தொலைபேசி எடுத்தார். குணலட்சுமி மேலே நின்று மிளகாய் கிளறிக்கொண்டிருந்தாள். அவர் கத்திக் கதைத்தது அவளுக்குத் தெளிவாகக் கேட்டது.

"ஐயா, ஒரு வண்டில் மண் காணும்... நாளைக்கோ? விடிய வெள்ளணப் பிள்ளையள் ஓட வருங்கள், ஐயா... சரி... சரி ஐயா."

தொலைபேசியைச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டுப் பூவரசங்கொப்பு ஒன்றை முறித்துக் கிடங்குக்குள் நட்டார். நிமிர்ந்தபோது குணலட்சுமியைக் கண்டார்.

"தங்கச்சி, மழை வருமோ?"

"வராது அண்ணை. வந்தால் என்ரை மிளகாய் போச்சு."

அவர் சிரித்துக்கொண்டு சைக்கிளை எடுத்தார்.

அவர் போன பிறகு இளந்தாரிகள் நாலைந்து பேர் கிரிக்கெற் அடிக்க வந்தார்கள். விக்கெற்றுக்குத் தடி இல்லை. ஒருவன் பார்த்தான், கிடங்கில் நின்ற கொப்பைப் பிடுங்கினான், இலையை உருவி எறிந்துவிட்டு அந்தப் பக்கமாகக் கொண்டுபோய் நட்டான். காற்று மைதானத்துக் குப்பையை உருட்டிக்கொண்டு வந்தது. தண்ணீர்ப் போத்தல் பெட்டியின் மட்டை ஒன்று கிடங்கின் வாயில் வந்து படிந்து, அப்படியே நின்றுவிட்டது. இப்போது பார்த்தால் அங்கே ஒரு மட்டை மட்டும் கிடந்தது.

குணலட்சுமி அகப்பையைப் பிடித்த கையோடு நின்றாள். விடிய ஐந்து மணிக்கு அந்தக் கோட்டில் ஓடுவது யார் என்று அவளுக்குத் தெரியும். அந்த நேரத்து வெளிச்சம் எவ்வளவு என்பதும் தெரியும். "உதயா" என்று கூப்பிட வேலிப் பக்கம் திரும்பினாள்.

ஒழுங்கையில் விளையாட்டுக் கழகத்துப் பெடியள் பதாகை கட்டிக்கொண்டிருந்தார்கள். சாருஜாவின் படம் ஆள் உயரத்துக்கு. "எங்கள் ஒழுங்கையின் தங்க மகள், வென்று வா!" ஒரு பக்கக் கயிறு உதயகலா வீட்டுத் தூணில். மற்றப் பக்கக் கயிறு குணலட்சுமியின் வேலிக் கதியாலில். அவளை ஒருவரும் கேட்கவில்லை.

"இன்னும் கொஞ்சம் உயத்துங்கோ தம்பி," உதயகலா இடுப்பில் கையை வைத்து அண்ணாந்து பார்த்துச் சிரித்தாள். "றோட்டாலை போற பஸ்ஸுக்கும் தெரியவேணும்."

"மாமி, விமானத்துக்கும் தெரியும்!"

குணலட்சுமி வாயை மூடினாள். மிளகாயைச் சாக்கில் வாரிக் கட்டினாள். ஏணியால் இறங்கினாள்.

பிள்ளை விழவேண்டும் என்று அவள் நினைத்தாளா? இல்லை. பிறகு சொல்லலாம் என்று நினைத்தாள். சாப்பிட்ட பிறகு, விளக்கு வைத்த பிறகு, அவர்களே கண்டுகொள்வார்கள் என்று ஒவ்வொரு சாட்டாக எடுத்து மேலே போட்டு அந்தக் கிடங்கைத் தன் மனதுக்குள்ளும் மூடினாள். அன்று மாலை முழுவதும் வேலி அங்கேதான் இருந்தது. உதயகலா இரண்டு தடவை இரு வளவுக்கும் பொதுவான கிணற்றடிக்கு வந்துபோனாள். ஒரு தடவை, "என்ன குணமக்கா, களைச்சுப்போனியளோ?" என்றுகூடக் கேட்டாள்.

"ஓம்" என்றாள் குணலட்சுமி.

விடிய ஐந்து மணி பத்து நிமிடத்துக்கு அந்த அலறல் வந்தது. ஒலிபெருக்கி இல்லாமலே ஒழுங்கை முழுக்கக் கேட்டது.

சாருஜாவின் வலது முழங்காலின் சவ்வு அறுந்துபோயிருந்தது. அம்புலன்ஸ் வந்து போன பிறகு, பத்து மணிக்குச் சபையின் உழவு இயந்திரம் மண் ஏற்றிக்கொண்டு வந்தது. முதல்நாள் இல்லாத மண், முதல்நாள் இல்லாத வாகனம். இரண்டு பேர் கொட்டி, மிதித்து, புல்லுக் கரணை வைத்துத் தண்ணீரும் ஊற்றினார்கள். மதியத்துக்குள் அங்கே கிடங்கு இருந்ததற்கு அடையாளம் எதுவும் இல்லை. குணலட்சுமி மேலே நின்று அதையும் பார்த்தாள்.

மூன்றாம் நாள் அவள் ஆலையிலிருந்து திரும்பியபோது, தன் படலையடியில் ஒரு மனிசி குந்திக்கொண்டிருந்ததைக் கண்டாள். உதயகலாவின் தமக்கை கனகாம்பிகை. அடுத்த தெருவில் இருக்கிறவள்.

"என்னக்கா, உதிலை குந்திக்கொண்டு? ஏதும் விழுந்திட்டுதோ?"

"இல்லைப் பிள்ளை... சும்மா."

"சும்மா ஆரும் மற்றவையின்ரை வாசல்மண்ணைப் பேப்பரிலை சுத்துவினையோ?"

கனகாம்பிகை எழும்பினாள். பொட்டலத்தைச் சேலைத் தலைப்புக்குள் மறைத்தாள். குணலட்சுமிக்கு விளங்கிவிட்டது. கண்பட்ட பிள்ளைக்கு நாவூறு கழிக்க, கண் வைத்தவளின் காலடி மண் வேண்டும். அதை மிளகாயோடும் உப்போடும் நெருப்பில் போடவேண்டும்.

"எவ்வளவு மண் வேணும்? ஒரு சுளகு தரட்டோ? மிளகாயும் தாறன், நல்ல காரம். உப்பு மட்டும் உங்கடை வீட்டிலை போடுங்கோ."

"பகிடி விடாதை குணம். சாத்திரியார் சொன்னவர், வடக்கை இருந்து வந்த கண்ணாம். எங்களுக்கு வடக்கை உன்ரை வீடுதானே?"

"வடக்கை கக்கூசும் இருக்கு. அங்கையும் போய் அள்ளுங்கோவன்."

"வாய் உனக்கு! அந்தப் பிள்ளை ஓடேக்கை நீ மேலை ஏறி நிண்டு பாக்கிறனி எண்டு ஊருக்கே தெரியும்."

குணலட்சுமியின் நாக்கு அதோடு நின்றது. மேலே நின்றது தெரியும் என்றால், வேறு என்ன தெரியும்? பிறகுதான் விளங்கியது, இவர்கள் அவளுடைய கண்ணைத்தான் குற்றம் சொல்கிறார்கள், வாயை அல்ல. தன்னைச் சூனியக்காரியாக்கிப் பேசுகிறவளிடம் அவளுக்கு ஒரு நிம்மதிகூட வந்தது.

அன்று பின்னேரம் உதயகலா வீட்டு முற்றத்தில் நெருப்பில் போட்ட மிளகாய் நெடி அடிக்கவில்லையாம். நெடி வராவிட்டால் கண் உறுதி என்பது கணக்கு. வராதுதான். விதை உதிர்ந்த பழைய மிளகாய் நாலைந்தை எடுத்து, அதற்கு மேல் ஒரு பிடி உப்பையும் ஒரு பிடி மண்ணையும் கொட்டி அமத்தினால் எங்கிருந்து நெடி வரும்? நாள் முழுக்க மிளகாய் வறுக்கிற ஒருத்தி வேலிக்கு அப்பால் இருந்தாள். ஒருவரும் அவளைக் கேட்கவில்லை.

சபையின் தவிசாளர் அப்பிள் பழங்களோடு ஆஸ்பத்திரிக்குப் போனார். கட்டிலடியில் நின்று, "நாவூறு பொல்லாதது தங்கச்சி" என்று உதயகலாவிடம் சொன்னார். சபைக்கு இதைவிட வசதியான சாத்திரம் வேறு கிடையாது. பக்கத்து வீட்டுக்காரியின் கண்தான் பிள்ளையை விழுத்தியது என்றால், மண் அனுப்பாத அலுவலகத்தை ஒருவரும் எட்டிப் பார்க்கமாட்டார்கள். மூடநம்பிக்கை ஏழைகளின் வீட்டில் வளர்கிறது என்று படித்தவர்கள் சொல்வார்கள். அதற்கு நீர் ஊற்றுகிறவர்கள் யார் என்பதையும் பார்க்கவேண்டும்.

கடைகள் ஒவ்வொன்றாகக் குணலட்சுமியின் தூளை வேண்டாம் என்றன. "சனம் கேக்கேல்லை அக்கா" என்றார்கள். ஒழுங்கையில் குழந்தையோடு வருகிறவர்கள் அவளைக் கண்டால் குழந்தையின் முகத்தைத் தோளில் திருப்பினார்கள்.

ஒரு மாலை பிரசாந்தி வேலை முடிந்து ஆஸ்பத்திரிக்கும் போய்விட்டு வந்தாள். கைப்பையைக் கழற்றாமலே கதிரையில் இருந்தாள்.

"சாருஜாவுக்கு ஒப்பரேசன் செய்யவேணுமாம். கிடங்குக்குள்ளை கால் போனது எண்டு அவள் சொல்லுறாள். ஒருத்தரும் நம்பேல்லை. சபை கிடங்கே இல்லை எண்டு கடிதம் குடுத்திருக்கு. மைதானத்திலை பிழை எண்டு தெரிஞ்சால், சுகமான பிறகு மாகாணக் கந்தோர் அவளுக்குத் தனியா ஒரு தெரிவு வைக்கும். இல்லையெண்டால் அவளின்ரை இடம் அடுத்த பிள்ளைக்கு. நாளைக்கு விசாரணை."

குணலட்சுமி அடுப்பைப் பார்த்தபடி நின்றாள்.

"அம்மா, அண்டைக்கு நீங்கள் மிளகாய் காயப்போட்டனீங்கள். கிடங்கு இருந்ததோ, இல்லையோ?"

"இருந்தது."

"எப்ப கண்டனீங்கள்?"

"முதல்நாள் பின்னேரம்."

"கண்டிட்டுப் பேசாமல் இருந்தனீங்களோ?"

"உனக்கு என்ன தெரியும்? அந்தப் பதாகையிலை உன்ரை படம் இருந்திருக்கவேணும். நீ ஓடியிருந்தால்..."

"என்னைச் சாருஜா நிப்பாட்டேல்லை, அம்மா."

அவள் எழும்பிக் கிணற்றடிக்குப் போனாள். வாளி கிணற்றில் விழுந்த சத்தம் கேட்டது. முகம் கழுவ எடுக்கும் நேரத்தைவிட அதிக நேரம் அங்கே நின்றாள்.

அவள் அங்கே நிற்கையிலேயே செபநாயகம் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். படலைக்கு வெளியே நின்று மெல்லக் கதைத்தார்.

"தங்கச்சி, நாளைக்கு நான் கிடங்கு இல்லை எண்டுதான் சொல்லப்போறன். வாற மாசம் என்னை நிரந்தரமாக்கிறம் எண்டிருக்கினம். அண்டைக்கு நீங்கள் மேலை நிண்டது எனக்கும் உங்களுக்கும்தான் தெரியும். கண்ணூறு எண்டு கதைக்கிற சனம் நாலு நாள் கதைக்கும். பிறகு வேற ஆக்களைக் கதைக்கும். பேசாமல் இருங்கோ."

"கொப்பு நட்டனீங்கள் அண்ணை."

"அதை ஆர் இப்ப கேக்கப்போகினம்?"

"பெடியள் அதைப் பிடுங்கினவங்கள். விக்கெற்றுக்கு."

செபநாயகம் அவளை நிமிர்ந்து பார்த்தார். அவருக்கு அது தெரியாது. தன் கொப்பு எப்படிப் போனது என்று அவர் இத்தனை நாளாகத் தன்னையே கேட்டுக்கொண்டிருந்தார் என்பது முகத்தில் தெரிந்தது. சைக்கிளைத் திருப்பினார்.

விசாரணை பார்வையாளர் மண்டபத்துக்குக் கீழே இருந்த அறையில் நடந்தது. மாகாணக் கந்தோரிலிருந்து வந்த பெண் அதிகாரி மேசையில் இருந்தார். பக்கத்தில் சபைச் செயலாளர். சுவரோரம் செபநாயகம். எதிரே உதயகலாவும் கனகாம்பிகையும். செபநாயகம் தன் வாக்குமூலத்தைக் கொடுக்க எழும்பிய நேரம் குணலட்சுமி வாசலில் வந்து நின்றாள்.

"வந்திட்டா!" என்றாள் கனகாம்பிகை. "இன்னும் என்னத்தைப் பாக்க மிச்சம்?"

"நீங்கள் ஆர்?" அதிகாரி கேட்டார்.

"நான் மதிலோரத்திலை இருக்கிறன். பேர் குணலட்சுமி. கிடங்கைக் கண்டனான்."

"இவ சாட்சிப் பட்டியலிலை இல்லை, மிஸ்" என்றார் செயலாளர்.

"பட்டியலை நீங்கள்தானே எழுதினது?" என்று சொல்லிவிட்டு அதிகாரி ஒரு கதிரையைக் காட்டினார்.

குணலட்சுமி இருக்கவில்லை. நின்றபடியே சொன்னாள். முளை பிடுங்கியது, செபநாயகம் மண் கேட்டுத் தொலைபேசி எடுத்தது, கொப்பு நட்டது, இளந்தாரிகள் கொப்பைப் பிடுங்கியது, மட்டை வந்து மூடியது, அடுத்தநாள் பத்து மணிக்கு உழவு இயந்திரம் வந்தது என்று எல்லாவற்றையும் சொன்னாள். அதிகாரியின் பேனை அவளுக்குப் பின்னால் ஓடியது.

செயலாளர் முன்னால் சாய்ந்தார். "அப்ப இவவுக்கு முதல்நாளே தெரியும். தெரிஞ்சும் சொல்லேல்லை. பிழை ஆற்றை?"

அவர் அதைச் சபையைக் காப்பாற்றச் சொன்னார். ஆனால் கேள்வி கேள்விதான். அதிகாரியும் பேனையை நிறுத்தினார்.

"ஏனம்மா சொல்லேல்லை? இதிலை காரணம் எழுதவேணும்." அதிகாரி குரலைத் தாழ்த்தினார். "மறந்துபோச்சுது எண்டு எழுதட்டோ? வீட்டு வேலையோடை கனபேருக்கு மறக்கும்."

நல்ல மனதோடு நீட்டிய கை அது. பிடித்திருந்தால் வெளியே வந்திருக்கலாம். கண்ணூறும் போயிருக்கும், பழியும் போயிருக்கும். குணலட்சுமி உதயகலாவைப் பார்த்தாள். உதயகலா முதல்தடவையாக அவளை நேரே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையில் ஒரு நன்றி இருந்தது. தன் பிள்ளைக்காகச் சாட்சி சொல்ல வந்தவள் என்ற நன்றி. அதைத்தான் குணலட்சுமியால் தாங்க முடியவில்லை.

"மறக்கேல்லை. எரிச்சல் எண்டு எழுதுங்கோ."

"என்னது?"

"எரிச்சல். அவளின்ரை பிள்ளை ஓடுது. என்ரை பிள்ளையை நான் மறிச்சுப்போட்டன். அந்த எரிச்சல்."

சுவரோரம் ஒரு கதிரை தரையில் உராய்ந்தது. செபநாயகம் முன்னால் வந்தார். "கொப்பு நட்டது நான்தான், மிஸ். மண்ணும் கேட்டனான். இவ சொன்னது எல்லாம் சரி" என்றார். செயலாளர் அவரை ஒரு பார்வை பார்த்தார். அவர் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

வெளியே வந்தபோது உதயகலா படிக்கட்டடியில் காத்துக்கொண்டு நின்றாள். கனகாம்பிகை கையைப் பிடித்து இழுத்தாள். அவள் உதறினாள்.

"குணமக்கா, அக்கா உங்கடை மண்ணை அள்ளிக்கொண்டு வரேக்கை நான் மறிக்கேல்லை. கண்ணூறு எண்டு நானும் நம்பினனான். நம்பியும் உங்களை மன்னிச்சனான். அவவும் ஒரு தாய்தானே, பாக்கிற கண்ணை எங்கை கொண்டுபோய் வைக்கிறது எண்டு நினைச்சன்." அவளுடைய குரல் உயரவில்லை. "அண்டைக்கு நான் கிணத்தடிக்கு ரண்டு தரம் வந்தனான். களைச்சுப்போனியளோ எண்டு கேட்டனான்."

"ஓம்."

"அப்பவும் சொல்லேல்லை."

"இல்லை."

"இனி எங்களுக்கை கதை இல்லை."

அவள் போனாள். தனக்கும் அப்படி ஒரு கோபம் கொள்ள உரிமை இருந்திருக்கக்கூடாதா என்று குணலட்சுமி அவளுடைய முதுகைப் பார்த்து நினைத்தாள். அதற்கும் அவளுக்குப் பொறாமையாக இருந்தது.

ஒரு மாதத்தில் மாகாணக் கந்தோரிலிருந்து கடிதம் வந்தது. சாருஜாவின் இடம் அப்படியே இருக்கும். சுகமான பிறகு தனித் தெரிவு. ஒப்பரேசனுக்கான செலவு சபையின் பொறுப்பு. சபை முதலில் செபநாயகத்தை நிறுத்தித் தன் கையைக் கழுவப் பார்த்தது. அவர் மண் கேட்டார் என்ற வரி வாக்குமூலத்தில் இருந்ததால் முடியவில்லை. அவர் இன்னமும் தற்காலிக ஊழியர்தான். தவிசாளர் இன்னமும் தவிசாளர்தான்.

கடைகள் தூள் கேட்டு ஆள் அனுப்பின. ஒழுங்கையில் குழந்தைகளின் முகம் மறுபடியும் அவள் பக்கம் திரும்பியது. "குணத்தின்ரை கண்ணிலை பிழை இல்லையாம், கிடங்குதானாம்" என்று கனகாம்பிகையே சொல்லிக்கொண்டு திரிந்தாள். இல்லாத கண்ணூறுக்கு அவளை ஒதுக்கி வைத்த ஊர் அது. அவள் உண்மையாகவே செய்த குற்றத்தை அவளே சொல்லி எழுதவைத்த பிறகும், அந்த ஊர் அதைக் குற்றமாக எடுக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரிக்கு வரப்போகும் கேட்டைக் கண்டு பேசாமல் இருப்பது இங்கே எவ்வளவு சாதாரணம் என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டாம். உதயகலா ஒருத்திதான் அதை எடுத்தாள். வேலிக்குத் தகரம் அடித்தாள். கிணற்றடிக்கு வந்தால் மறுபக்கம் திரும்பி நின்று அள்ளினாள்.

சாருஜா ஊன்றுகோலோடு வீட்டுக்கு வந்தாள். முழங்காலுக்கு நாளுக்கு இரண்டு தரம் பயிற்சி. பிரசாந்தி வேலை முடிந்து வந்து, உடுப்பு மாற்றி, நேரே அங்கே போய்விடுவாள். காலைத் தூக்கிப் பிடிப்பதும் எண்ணுவதும் அவள்தான். தகரத்துக்கு அப்பாலிருந்து இரண்டு பெட்டைகளும் சிரிக்கும் சத்தம் வரும். தன் மகள் அப்படிச் சிரித்து எவ்வளவு காலம் என்று குணலட்சுமி குசினிக்குள் நின்று நினைத்துப் பார்த்தாள். நினைவு வரவில்லை.

ஒருநாள் பின்னேரம் பிரசாந்தி ஏழு மணிக்கு வந்தாள். குணலட்சுமி சாப்பாட்டுக் கோப்பையில் சோறு போட்டாள்.

"வேண்டாம் அம்மா. அங்கை சாப்பிட்டிட்டன்."

"ஆர் தந்தது?"

"உதயா அன்ரிதான். பிட்டும் மீன்கறியும்."

குணலட்சுமி சோற்றை மறுபடியும் பானைக்குள் போட்டாள். மூடியை எடுத்தாள். மூடாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"என்ன தூள் போட்டவளாம்?"

"கடைத் தூள். உங்கடை இல்லை."

"ருசியோ?"

பிரசாந்தி தாயின் முகத்தைப் பார்த்தாள். பொய் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

"ஓம் அம்மா. நல்ல ருசி."